பஸ் ஏறிய கோபுரங்கள்

அந்தக் கார்டை நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து திறந்து திறந்து மூடியே கிழித்தோம்.

பாரிசிலிருந்து என் சிநேகிதிக்கு வந்த பிறந்தநாள் கார்டு அது. அவளைக் கட்டிக்கொள்ளப் போகிறவர் அனுப்பியிருந்தார். வெளியே பார்த்தால் சாதாரண நீல அட்டை. திறந்தால் அந்த ஊர் இரும்புக் கோபுரம் உள்ளேயிருந்து மடமடவென்று எழுந்து நிற்கும். மூடினால் சத்தமில்லாமல் படுத்துக்கொள்ளும். இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த முதல் சில வருஷங்களில் ஒன்று. கடைகளில் பாட்டுப் பாடுகிற கார்டுகள் வந்துவிட்டன. எழுந்து நிற்கிற கார்டை நான் அதுவரைக்கும் பார்த்ததில்லை.

சிநேகிதி நெல்லித்தோப்பில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. அவள் அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஊரில் அப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்போம். அவர்கள் வீட்டில் எல்லாருக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை. மாப்பிள்ளையும் நம்ம ஊர்க் குடும்பம்தான், ஆனால் அங்கேயே பிறந்தவர், பாண்டிச்சேரியைக் கண்ணால் பார்த்ததில்லை. கார்டு வந்த அன்றைக்கே அவள் அதை நெஞ்சோடு அணைத்தபடி எங்கள் வீட்டுக்கு ஓடிவந்தாள்.

வீட்டில் நானும் அண்ணியும் இருந்தோம். அண்ணி வந்து நாலைந்து மாசம்தான் ஆகியிருந்தது. தை மாசக் கல்யாணம், பிறந்த ஊர் விழுப்புரம். அதுவரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்கள் மாதிரிதான் இருந்தோம். "குளிச்சிட்டீங்களா?", "காப்பி போடட்டுங்களா?" என்று அவர் கேட்பார். அவரைவிடச் சின்னவளான எனக்கு அந்த 'ங்க' கூசும். "நீ வா போன்னே சொல்லுங்க அண்ணி" என்றால், "சரிங்க" என்பார்.

அன்றைக்கு முதலில் நான் திறந்தேன். பிறகு அண்ணி. பிறகு, "எங்கே, இன்னொரு வாட்டி" என்று நான். இப்படி மாறி மாறிப் போய்க்கொண்டே இருந்ததில், அண்ணி கையில் இருக்கும்போது டப்பென்று ஒரு சத்தம். கோபுரத்தின் ஒரு கால் தனியாக வந்துவிட்டது. மிச்ச மூன்று காலில் அது எங்களைப் பார்த்துச் சாய்ந்து நின்றது. அண்ணி பயந்துபோய்க் கார்டை மெதுவாக மூடினார். மூடிய கார்டின் ஓரத்தில் அந்தக் கால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

முதலில் சிரித்தது அண்ணிதான். விக்கல் மாதிரி ஒரு சிரிப்பு. அடக்கப் பார்க்க, அது இன்னும் பெரிதாக வந்தது. அவர் இப்படிச் சிரிப்பார் என்பதே எனக்குத் தெரியாது. அதைப் பார்த்து நான் சிரிக்க, கார்டுக்குச் சொந்தக்காரியும் தரையில் உட்கார்ந்து சிரிக்க, அம்மா அடுப்பை அணைத்துவிட்டு என்னவோ ஏதோ என்று ஓடிவந்தார்.

நான் அப்போது ஒரு ஆர்க்கிடெக்ட் ஆபீசில் வரைகிற வேலையில் இருந்தேன். பழைய வீடுகளைப் புதுப்பிக்கிற ஆபீஸ். பகலெல்லாம் தூணும் வளைவும் ஜன்னலும் வரைகிற கை. காலை ஒட்டித் தருகிறேன் என்று கார்டை வாங்கிக்கொண்டு, ஒட்டுகிற சாக்கில் அதன் வயிற்றுக்குள் பார்த்தேன். அங்கே மந்திரம் எதுவும் இல்லை. இரண்டு வெட்டு, நாலைந்து மடிப்பு, அங்கங்கே ஒரு சொட்டுப் பசை. இவ்வளவுதானா என்று எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

"இதே மாதிரி நம்ம ஊருலேர்ந்து ஒண்ணு அவருக்கு அனுப்பணும்டி" என்றாள் சிநேகிதி. "எந்தக் கோயில்ல தாலி கட்டப் போறாரோ அந்தக் கோயிலையே அனுப்பணும். கப்ஸ் கோயிலு."

"இந்த வாரத்துக்குள்ள பண்ணித் தரேன்" என்றேன். அதைச் சொன்னபோது எனக்கு ஒன்றுமே தெரியாது.

கப்ஸ் கோயில் என்கிற மாதா கோயில் துய்மா தெருவில் இருக்கிறது. கடலைப் பார்த்த முகம், வெளிர் ரோஜா நிறம், இரண்டு பக்கமும் சதுரமாக இரண்டு மணிக்கோபுரம். பிரெஞ்சில் பூசை வைப்பதால் சொல்தா வீட்டுக் கல்யாணங்கள் பலதும் அங்கேதான். நூறு முறை கடந்து போயிருக்கிறேன். ஆனாலும் ஆபீஸ் பழக்கம், டேப் வைத்து அளந்தால்தான் எனக்குக் கோடு ஓடும். டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டுமே.

"வரீங்களா அண்ணி?"

"அத்தை திட்டுவாங்களே" என்று சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டிக்கொண்டார்.

ஸ்கூட்டரில் என் பின்னால் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் முறை. கோயில் படிக்கட்டில் ஒரு முனையை அவர் அழுத்திக்கொள்ள, நான் டேப்பை இழுத்துக்கொண்டே போனேன். காற்றில் டேப் விர்ரென்று நடுங்கிற்று. குனிந்து எண்ணைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால், எதிரே ஒரு சிவப்புத் தொப்பி. எங்கள் ஊர்ப் போலீஸ்காரர்.

"என்னம்மா அளக்கறீங்க? யாரு சொன்னது?"

அண்ணிதான் டேப்பை விடாமலே பதில் சொன்னார். "கோயிலை மடிக்கப் போறோங்க."

"எதை?"

"கோயிலைங்க. மடிச்சு பாரிசுக்கு அனுப்பறோம்."

போலீஸ்காரர் கோயிலை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் எங்களைப் பார்த்தார். நான் அவசரமாகப் பையிலிருந்து ஒட்டுப் போட்ட கார்டை எடுத்து நீட்டினேன். திறந்தார். மூடினார். திறந்தார். முகத்தில் இருந்த விறைப்பு ஒவ்வொரு தடவைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று போயிற்று. தெருமுனையில் நின்ற இன்னொரு சிவப்புத் தொப்பியைக் கைதட்டிக் கூப்பிட்டார். அவரும் வந்து திறந்து மூடினார். கடைசியில் முதலாமவர் டேப்பின் நடுவில் தொய்வு விழாமல் தானே தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இப்ப எழுதும்மா, இப்பதான் கரெக்டா வரும்" என்றார். கிளம்பும்போது, எங்கள் ஸ்டேஷனையும் ஒருநாள் இப்படிச் செய்வீர்களா என்று இரண்டு பேரும் ரொம்ப மரியாதையாகக் கேட்டார்கள்.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அண்ணி என் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு விக்கிக்கொண்டே வந்தார். வாசலில் இறங்கியதும், "பாப்பா, உன் வண்டியில பிரேக்கே இல்ல" என்றார். 'ங்க' போய்விட்டிருந்தது.

அளவு கிடைத்துவிட்டதே தவிர, கோயில் எழுந்திருக்க மறுத்தது. நான் வரைந்து வெட்டிய முதல் கோயில் திறந்தால் குப்புற விழுந்தது. அடுத்தது எழுந்து நின்றது, ஆனால் மூடும்போது இரண்டு கோபுரமும் அட்டைக்கு வெளியே நாக்கை நீட்டின. இன்னொன்றில் ஒரு கோபுரம் நின்றது, ஒன்று உட்கார்ந்தது. ஆபீசில் எடுத்து வந்த பிளேடு மொக்கையாகி, மெடிக்கல் ஷாப்பில் ஆபரேஷன் பிளேடு வாங்கினேன். மடிப்புக் கோடு போட, மை தீர்ந்த ரீஃபிலைத் தேடி வீட்டுப் பேனாக்களை எல்லாம் பிரித்தேன்.

அண்ணிக்குத் தையல் தெரியும். ஒரு மத்தியானம் என் தோளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தவர், "ஜாக்கெட்டுக்குக் கை வைக்கிறப்ப கம்கட்டுல கொஞ்சம் துணி விட்டாத்தான் கையைத் தூக்க முடியும். உன் கோபுரத்துக்கு அந்த இடத்துல காகிதமே இல்லியே, எப்பிடித் தூக்கும்?" என்றார்.

எனக்குச் சட்டென்று கணக்கு விளங்கியது. கோபுரம் பின் அட்டையை விட்டு எவ்வளவு முன்னால் வந்து நிற்கிறதோ, அதே அளவுக்கு அதன் தலையையும் பின் அட்டையையும் இணைக்கிற பட்டை வேண்டும். நான் அதைப் பாதியாக வைத்திருந்தேன். அண்ணி இடம் சொன்னார், நான் அளவு சொன்னேன். இரண்டு பேரும் ஒரே அட்டையில் தலையை முட்டிக்கொண்டு வெட்டினோம். ஒட்டி, காயக் காத்திருக்கப் பொறுமை இல்லாமல் வாயால் ஊதி, திறந்தோம்.

எழுந்தது. இரண்டு கோபுரமும், நடுவில் முக்கோண முகப்பும், வளைந்த ஜன்னல்களும், கீழே படிக்கட்டும் ஒன்றாக எழுந்தன. மூடினோம், படுத்தது. திறந்தோம், எழுந்தது.

நான் கத்தினேனா அண்ணி கத்தினாரா என்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். உள்ளே தூங்கிக்கொண்டிருந்த அண்ணனை உலுக்கி எழுப்பி மூக்குக்கு நேரே கார்டைத் திறந்தோம். அண்ணன் லேத் பட்டறையில் வேலை செய்பவன், எதையும் பார்த்தவுடன் வியந்துவிட மாட்டான். கண்ணைக் கசக்கிக்கொண்டு, "மணி அடிக்குமா?" என்று மட்டும் கேட்டான். அவனை அப்படியே விட்டுவிட்டு, அண்ணி தலைகூட வாராமல், நான் ஒரு செருப்பு மாற்றிப் போட்டுக்கொண்டு, அடுத்த தெருவுக்கு ஓடினோம். சிநேகிதி திறந்து பார்த்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்தாள். பிறகு அண்ணியைக் கட்டிப்பிடித்தாள். கடைசியில் கார்டையும் கட்டிப்பிடிக்கப் போனாள். "கோபுரம்! கோபுரம்!" என்று நாங்கள் இரண்டு பேரும் பிடுங்கிக்கொண்டோம்.

கார்டு பாரிசுக்குப் போய்ச் சேர்ந்த அன்று மாப்பிள்ளை போன் செய்தார். சிநேகிதி அதைக் கேட்டுவிட்டு மூச்சிரைக்க வந்து நின்றாள். "ஆபீஸ்ல அவரோட சீட்டுக்கிட்ட கியூ நிக்குதாம்டி. எல்லாரும் திறந்து திறந்து பாக்கறாங்களாம். நமக்குக் கல்யாணப் பத்திரிகையே இதான்னு சொல்லிட்டாரு. எல்லாருக்கும் இதான்."

"எல்லாருக்கும்னா?"

"எல்லாருக்கும்."

அவர்கள் சொந்தம் பாதி பாண்டிச்சேரியிலும் பாதி பிரான்சிலும் இருந்தது. கொஞ்ச நஞ்ச சொந்தமா அது. நான் அண்ணியைப் பார்த்தேன். அண்ணி என்னைப் பார்த்தார். முடியாது என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான். நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தலையாட்டினோம்.

அதற்குப் பிறகு எங்கள் வீடு வீடாக இல்லை. கூடத்தில் கோபுரங்கள், சாமி அறை ஓரத்தில் முகப்புகள், கட்டிலுக்கு அடியில் படிக்கட்டுகள். கையால் காகிதம் செய்கிற பட்டறையில் இருந்து ரோஜா நிறத் தாளாகப் பார்த்துப் பார்த்து எடுத்து வந்தோம். அப்பா நின்றுகொண்டே சாப்பிட்டார், உட்காரும் இடமெல்லாம் பசை காய்ந்துகொண்டிருந்தது. வெட்டி எடுக்கிற ஜன்னல் துண்டுகள்தான் பெரிய தொல்லை. நகத்தளவு வளைந்த காகிதம், பெருக்கப் பெருக்கப் பறந்தது. ஒருநாள் அப்பா ரசத்திலிருந்து ஒன்றை விரலால் எடுத்து, தட்டின் ஓரத்தில் ஒட்டி, கொஞ்ச நேரம் பார்த்தார். "இது கோபுரத்து ஜன்னலா, முகப்பு ஜன்னலா?" என்று கேட்டார். "கோபுரத்துதுங்க மாமா" என்றார் அண்ணி. அப்பா தலையாட்டிவிட்டு மிச்ச ரசத்தைக் குடித்தார்.

எனக்கோ பித்துப் பிடித்துவிட்டது. எதைப் பார்த்தாலும் அது எப்படி மடியும் என்றுதான் மனசு ஓடியது. பீச் ரோட்டில் பழைய கலங்கரை விளக்கத்தைப் பார்த்து அதைக் குறுக்கே வெட்டிப் படுக்கப் போட்டேன். பெரிய மார்க்கெட் மணிக்கூண்டை நாலாக மடித்தேன். ஆபீசில் ஒரு பழைய வீட்டின் முகப்பை வரையும்போது மடிப்புக்கென்று பக்கத்தில் பட்டை விட்டு வரைந்துவிட்டேன். ஆர்க்கிடெக்ட் சார் அதைக் கையில் வைத்துக்கொண்டு, இந்தச் சுவர் எங்கிருந்து வந்தது, போன வாரம் பார்த்தபோது இல்லையே என்று குழம்பினார்.

கடல் காற்றும் சும்மா இருக்கவில்லை. காலையில் விறைப்பாக நின்ற கோயில்கள் சாயங்காலம் ஈரம் குடித்துத் துவண்டு, ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்துகொண்டன. அண்ணி இஸ்திரிப் பெட்டியை எடுத்து, மேலே வெள்ளைத் துணி போட்டு, ஒவ்வொரு கோபுரத்தையும் சட்டைக் காலர் மாதிரி தேய்த்து நிமிர்த்தினார்.

அப்படி வேகமெடுத்து ஓடிக்கொண்டிருந்தபோதுதான் ஆடி வந்தது.

புதுசாகக் கல்யாணமான பெண்ணை ஆடிக்குத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவார்கள். விழுப்புரத்திலிருந்து அண்ணியின் அப்பாவும் அம்மாவும் பழம், பூ, புடவையோடு வந்து நின்றார்கள். அவர்கள் உட்கார இடம் பண்ண நான் கோயில்களை அள்ளி அள்ளி மூட வேண்டியிருந்தது. அண்ணி கையில் பசையோடு வந்து, "அம்மா, இந்த மாசம் நான் வரல" என்றார்.

"என்னடி பேசற? ஆடியில இங்க இருந்தா ஊரு என்னா சொல்லும்?"

"கோயில் பாதியில நிக்குது."

"எந்தக் கோயிலு?"

அண்ணி ஒன்றைத் திறந்து காட்டினார். அவருடைய அம்மா கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டார். அவர் அப்பா கையில் வாங்கித் திறந்து மூட ஆரம்பித்தார். எங்கள் அம்மாதான் வழி கண்டுபிடித்தார். "பொண்ணு அங்க போகட்டும். கோபுரத்தையும் கூடவே கொண்டு போகட்டும். இங்க இவ முகப்பைச் செய்வா. ஒட்டறதை அப்புறம் பாத்துக்கலாம்."

"யாரு கொண்டு போய்க் கொண்டு வர்றது?" என்றேன் நான்.

அண்ணன் எங்கிருந்து வந்தான் என்று தெரியவில்லை. "நான் போறேன்" என்றான். "ஞாயித்துக்கிழமை எனக்கு ஒரு வேலையும் இல்ல. கோபுரத்தை நான் கொண்டு போறேன்."

ஆடியில் புருஷன் பெண்டாட்டியைப் பிரித்து வைப்பதே பார்க்கக் கூடாது என்றுதான். ஆனால் கல்யாண வேலை, அதுவும் கோயில் வேலை. அம்மா மேலே சுவரைப் பார்த்தார். அண்ணியின் அம்மா தரையைப் பார்த்தார். அண்ணியின் அப்பா மட்டும் இன்னும் கார்டைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

இப்படியாக அந்த ஆடி மாசம் ஞாயிறுதோறும் எங்கள் அண்ணன், தலையைப் படிய வாரி, சட்டைக்கு இஸ்திரி போட்டு, ஒரு கட்டைப்பை நிறையக் காகிதத்தோடு விழுப்புரம் பஸ் ஏறினான். சாயங்காலம் கோபுரங்களோடு இறங்கினான். பட்டறை வேலைக்குக்கூட அவன் அவ்வளவு நேரத்தோடு கிளம்பியதில்லை. ஒருநாள் பஸ்ஸில் கூட்ட நெரிசலில் பை பிதுங்கி, மாதிரிக்கு மேலே வைத்திருந்த கார்டு தானாகத் திறந்துகொண்டதாம். பக்கத்தில் இருந்த ஒரு வயசான அம்மா, "எந்த ஊரு கோயிலு தம்பி?" என்று கேட்டு, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாராம். பிறகு அது பின்சீட்டுக்குப் போய், கண்டக்டர் கைக்குப் போய், வில்லியனூர் தாண்டிய பிறகுதான் அவனிடம் திரும்பி வந்ததாம். "ஒரு மடிப்புக்கூடக் கசங்கல" என்று அவன் பெருமையாகச் சொன்னான். கூட்டத்தில் தன் சட்டைப் பட்டன் அறுந்ததைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

விழுப்புரத்தில் அண்ணியின் தெருவே பசை தடவியது. அங்கிருந்து மூன்றாவதோ நான்காவதோ ஞாயிற்றுக்கிழமை வந்த பையைப் பிரித்தபோது, தனியாகத் துணியில் சுற்றி ஒரு கார்டு இருந்தது. ஒட்டி முடித்த முழுக் கோயில். திறந்தேன். கோபுரங்கள் எழுந்தன. அதோடு கோயிலின் கதவு இரண்டு பக்கமும் விரிந்து, உள்ளேயிருந்து வெள்ளை முக்காடு போட்ட ஒரு குட்டிப் பெண் வெளியே வந்து படிக்கட்டில் நின்றாள். நான் சொல்லவில்லை. வரையவும் இல்லை. அண்ணி தானாகவே யோசித்துச் செய்திருந்தார். நான் அதை எடுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்கு ஓடினேன். சிநேகிதி போட்ட கூச்சலில் அவள் அப்பா கையில் செய்தித்தாளோடு வெளியே வந்தார்.

அவரைக் கண்டால் எங்களுக்குக் கொஞ்சம் பயம். முதுகு வளையாத மனிதர். சிரித்து யாரும் பார்த்ததில்லை. அவர் கார்டை வாங்கி, கையை முழுசாக நீட்டித் தள்ளி வைத்துப் பார்த்தார். அந்தக் குட்டிப் பெண்ணை மூன்று தடவை வெளியே வரவைத்தார். பிறகு கேட்டார்.

"இதைப் பெருசா பண்ண முடியுமா?"

"எவ்ளோ பெருசுங்க மாமா?"

"என் பொண்ணு உள்ளேர்ந்து நடந்து வர அளவுக்கு."

ஆடி முடிந்த மறுநாள் அண்ணி வந்து இறங்கினார். பத்திரிகைகள் ஞாயிறுதோறும் ஒட்ட ஒட்டத் தபாலில் போய்விட்டிருந்தன. கல்யாணத்துக்கு ஒரு வாரம்கூட இல்லை. வரவேற்பு, கடற்கரைக்குப் பக்கத்தில் ஒரு பழைய பிரெஞ்சு வீட்டுத் தோட்டத்தில். ஊரில் இருக்கிற ஃபிரிட்ஜ் கடைகளில் எல்லாம் அண்ணன் போய் நின்று காலி அட்டைப்பெட்டிகளை வாங்கி வந்தான். எங்கள் மொட்டை மாடியில் கப்ஸ் கோயில் எழும்ப ஆரம்பித்தது. அந்த அளவுக்குக் காகித மடிப்பு தாங்காது என்று அண்ணி கெட்டித் துணியில் பட்டை தைத்துக் கீலாக வைத்தார். நான் ஏணியில் நின்று ஜன்னல் வெட்டினேன். அப்பா ரோஜா வர்ணம் அடித்தார், கோயிலுக்குப் பாதி, தன் வேட்டிக்குப் பாதி. சோதனைக்காக முதல் முறை கயிற்றை இழுத்து நிமிர்த்தியபோது அக்கம்பக்கத்து மாடிகளில் எல்லாம் கைதட்டல். ஒரு காக்கா வந்து வலது கோபுரத்தில் உட்கார்ந்தது. அண்ணி அதற்கு ஒரு கும்பிடு போட்டார்.

கல்யாணத்தன்று காலையில் நிஜக் கோயிலில் பூசை நடந்தது. பாதிரியார் பிரெஞ்சில் கேட்டதற்கு மாப்பிள்ளை தமிழில் "சம்மதம்" என்று சொல்லி, கோயிலே சிரித்தது. சாயங்காலம் தோட்டத்தில் எல்லாரும் கூடினார்கள். எங்கள் கோயில் புல்தரையில் போர்வைக்கு அடியில் மடங்கிப் படுத்திருந்தது. பின்னால் மறைவில் பெண்ணும் மாப்பிள்ளையும். கயிறுகளைப் பிடிக்க, சிநேகிதியின் அப்பா தன்னோடு வேலை செய்த பழைய சொல்தாக்களை நிறுத்தியிருந்தார். எல்லாருக்கும் கோட்டு, கோட்டில் பதக்கம். நானும் அண்ணியும் ஓரத்தில் கையைக் கோத்துக்கொண்டு நின்றோம்.

"அன்! தே! த்ருவா!" என்று பிரெஞ்சில் எண்ணினார் சிநேகிதியின் அப்பா.

இழுத்தார்கள். கப்ஸ் கோயில் எழுந்தது. விளக்கு வெளிச்சத்தில் ரோஜா நிறமாக, இரண்டு கோபுரத்தோடு, தென்னை மரத்தின் பாதி உயரத்துக்கு எழுந்து நின்றது. கூட்டம் 'ஓ' என்றது. கதவு விரியத் தொடங்கியது.

அப்போது கடலில் இருந்து காற்று வந்தது.

மாடியில் காற்று எங்களுக்குப் பின்னாலிருந்து அடித்தது. தோட்டத்தில் முன்னாலிருந்து அடிக்கும் என்று நாங்கள் இருவரும் யோசிக்கவே இல்லை. விரிந்த கதவுக்குள் காற்று புகுந்ததும் கோயில் ஒரு மூச்சு இழுத்து வீங்கியது. தரையை விட்டு ஒரு ஜாண் எழும்பியது. பிறகு பின்பக்கமாக நடக்க ஆரம்பித்தது.

"கோயில் ஓடுது! பிடிங்க!" என்று கத்தினான் அண்ணன்.

சொல்தாக்கள் கயிற்றை விடவில்லை. அதனால் கோயிலோடு அவர்களும் பதக்கம் குலுங்க ஓடினார்கள். மாப்பிள்ளையின் அத்தையைக் கட்டியவர் ஒரு வெள்ளைக்காரர், ஆறடிக்கு மேல் உயரம், பெரிய உடம்பு. சிநேகிதி அவரைத் தொந்தோன் என்றுதான் கூப்பிடுவாள், பிரெஞ்சில் மாமா. அவர் கையிலிருந்த கிளாசைப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்துவிட்டு, பாய்ந்து போய் இடது கோபுரத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார். கோபுரம் அவரையும் இழுத்துக்கொண்டு கொஞ்ச தூரம் போய், மாமரத்தில் சாய்ந்து நின்றது. முகப்பு மெதுவாக, ரொம்ப மரியாதையாக, பெண்ணும் மாப்பிள்ளையும் நின்ற இடத்தின் மேல் கவிழ்ந்தது.

நானும் அண்ணியும் அதைத் தூக்க ஓடினோம். பிறகு முகப்பின் நடுவில் நான் வெட்டியிருந்த வட்ட ஜன்னல் வழியாக மாப்பிள்ளையின் தலை வெளியே வந்தது. பக்கத்து ஜன்னலில் முக்காடு கோணிக்கொண்டு சிநேகிதியின் தலை. அவள் கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

வெளியே நின்றவர்களில் முதலில் சிரித்தது யார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அவள் அப்பா. முதுகு வளையாத அந்த மனிதர் புல்தரையில் தொப்பென்று உட்கார்ந்து, தொடையில் அடித்துக்கொண்டு, சத்தமே வராமல் தோள் மட்டும் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். அதன் பிறகு தோட்டத்தில் யாராலும் நிற்க முடியவில்லை. பாதிரியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஜனங்களைக் கோயிலுக்கு வாங்க வாங்கன்னு எத்தனை வருஷமா கூப்பிடறேன். இன்னிக்குத்தான் கோயிலே ஜனங்களைத் தேடி வந்திருக்கு."

போட்டோக்காரர் அவர்கள் ஜன்னலிலிருந்து வெளியே வருமுன் எடுத்துவிட்டார். அந்தப் படத்தைத்தான் இன்றைக்கும் அவர்கள் பாரிஸ் வீட்டுக் கூடத்தில் பெரிதாக மாட்டியிருக்கிறார்கள். மாலையோடு நிற்கிற படமெல்லாம் ஆல்பத்தில் இருக்கிறது.

சாப்பாட்டு நேரத்தில் தொந்தோன் எங்கள் மேசைக்கு வந்தார். கோட்டில் ரோஜா வர்ணம் அப்பியிருந்தது. பர்சிலிருந்து மூலை மடங்கிய ஒரு படத்தை எடுத்து எங்கள் முன் வைத்தார். பிரான்சில் அவர் பிறந்த கிராமத்துக் கோயில். கூம்பாக ஒற்றைக் கோபுரம், சாம்பல் நிறக் கல். சிநேகிதி பக்கத்தில் வந்து நின்று அவர் சொல்வதைத் தமிழில் சொன்னாள்.

"இதைப் பண்ணித் தருவீங்களான்னு கேக்கறாரு. இத்தினூண்டு போதுமாம். நடக்க வேணாமாம்."

நான் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கோபுரத்தை எங்கே வெட்டுவது, எங்கே மடிப்பது என்று மனசு ஏற்கனவே ஓட ஆரம்பித்துவிட்டது. அண்ணி என் முழங்கையை இடித்தார்.

"கோயிலுக்குப் பின்னாடி என்னா இருக்குன்னு கேளு."

சிநேகிதி கேட்டாள். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கையால் ஒரு சின்ன வீட்டைக் காற்றில் வரைந்தார். பின்னால் அவருடைய அம்மா வீடு இருக்கிறதாம். எல்லாப் படத்திலும் கோயில்தான் விழுமாம். அந்த வீடு எந்தப் படத்திலும் இல்லையாம்.

"அப்பிடின்னா ரெண்டு பக்கமும் திறக்கற மாதிரி பண்ணலாம் பாப்பா" என்றார் அண்ணி. "இந்தப் பக்கம் திறந்தா கோயிலு. திருப்பிப் போட்டுத் திறந்தா வீடு."

"ரெண்டு பக்கம் திறந்தா நடு மடிப்பு தாங்காதே அண்ணி."

"ஏன் தாங்காது? லைனிங் துணி வச்சுத் தைக்கற மாதிரி நடுவுல இன்னொரு அட்டை குடு."

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மேசையில் இருந்த காகிதக் கைக்குட்டை ஒன்றை இழுத்தேன். அண்ணி இன்னொன்றை இழுத்தார். இலையில் பிரியாணி ஆறிக்கொண்டிருக்க, இரண்டையும் ஒன்றன் முதுகில் ஒன்றாக வைத்து மடித்துப் பார்க்க ஆரம்பித்தோம். தொந்தோன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்த வீட்டுக்கு எத்தனை ஜன்னல், புகைபோக்கி எந்தப் பக்கம் என்று விரலால் காட்டிக்கொண்டிருந்தார். சிநேகிதி கல்யாணப் பெண் என்பதையே மறந்து, முக்காட்டைத் தோளில் சுருட்டிப் போட்டுக்கொண்டு, எங்கள் பக்கத்தில் நின்றபடி அதையெல்லாம் மூச்சு விடாமல் தமிழாக்கிக்கொண்டிருந்தாள்.